படகில் பயன்படும் கைப்பேசி: செயலி நிறுவுதலும் கோப்பு மாற்றுதலும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக 1961-ஆம் ஆண்டில் நடைபெற்றது. சங்கு குளித்தலும் பார்களையொட்டிய மீன்பிடிப்பும் இன்றும் தொடர்ந்து வருகின்றன. கரையிலுள்ள கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துப் பார் இருக்குமிடத்தை அறிந்து வந்த மீனவர்கள், இப்போது ஜி.பி.எஸ். கருவியிலும் கைப்பேசியிலும் இடக்குறிகளைப் பதிந்து வைக்கின்றனர். ஆண்டுக்கணக்கில் சேர்த்த இக்குறிகள் உழவர் வீட்டு விதைநெல்லைப் போன்றவை. செயலியில் தோன்றும் சிறு கோளாற்றைச் சரிசெய்யப் போய் இவற்றை முழுவதுமாக இழக்க நேரிடலாம். ஆகவே கோளாறுகளின் காரணங்களைத் தெரிந்துகொள்வது நலம்.

மீனவர்களுக்கென எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஃபிஷர் ஃபிரண்ட்' சேவை, பின்னர் ஆண்ட்ராய்டு செயலியாக வந்தது. உழவர்களுக்குத் தமிழக அரசின் 'உழவன்' செயலி 2018-ஆம் ஆண்டில் வந்தது. இவை போன்ற செயலிகளை ப்ளே ஸ்டோரிலிருந்து இறக்கும்போது பாதியில் நின்றுவிடுமானால், முதலில் கைப்பேசியில் காலியிடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வீடியோக்களே பெரும்பாலும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அடுத்து, தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று கவனிக்கவும். தேதி தவறாக இருந்தால் ப்ளே ஸ்டோர் இணைப்பையே மறுத்துவிடும். 'வைஃபை மட்டும்' என்ற அமைப்பு இருந்தால், சிம் வழி இணையத்தில் இறக்கம் தொடங்காமல் காத்துக் கிடக்கும். ஆண்ட்ராய்டு பதிப்பு மிகப் பழையதாயின் வேறு கைப்பேசி தேடுவதே வழி.

நண்பரின் கைப்பேசியிலிருந்து ஏ.பி.கே. கோப்பாக வாங்கிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. இப்போது பல செயலிகள் கைப்பேசிக்குத் தக்கபடி பல துண்டுகளாக இறங்குகின்றன. அவற்றில் ஒரு துண்டை மட்டும் நகலெடுத்தால் மற்றொரு கைப்பேசியில் அது நிறுவப்படாது. இதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உள்ளது. பி.எம். கிசான் திட்டத்தின் பெயரில் போலி ஏ.பி.கே. கோப்புகள் வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்டு, நிறுவியவர்களின் வங்கிப் பணம் களவு போயிருக்கிறது. அனுப்பியவர் உறவினரே ஆனாலும் இத்தகைய கோப்பைத் திறக்கலாகாது. பணம் போய்விட்டதெனில் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏற்கெனவே நிறுவிய செயலி திணறினால், "அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவ்வாறு செய்தால், கைப்பேசியில் மட்டும் சேமிக்கப்பட்ட இடக்குறிகளும் சேர்ந்தே போய்விடும். அமைப்புகளில் 'கேச்' என்பதை நீக்குவதால் இக்குறிகளுக்குக் கேடில்லை. 'டேட்டா' என்பதை நீக்கினால் குறிகள் அழியும். முதலில் குறிகளை ஜி.பி.எக்ஸ். கோப்பாக வெளியே எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, அதன்பிறகே செயலியில் கை வைக்க வேண்டும்.

கரையில் நன்றாக ஓடிய செயலி கடலில் ஓடாமற்போவதும் உண்டு. இருப்பிடம் காட்ட சிம் தேவையில்லை, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையே போதும். ஆனால் அலை, காற்று பற்றிய முன்னறிவிப்புகளைப் பெறுவதற்கு இணையம் வேண்டும். கோபுர எல்லையைத் தாண்டியபின் திரையில் தெரிவது முன்பு இறக்கிய பழைய செய்தியே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெற்றுப் புளூடூத் மூலம் கைப்பேசிக்குத் தரும் 'ஜெமினி' கருவி 2019-இல் வெளியிடப்பட்டது. அதற்குரிய செயலியையும் கரையிலேயே நிறுவி இணைத்துப் பார்த்தல் அவசியம். புளூடூத் கருவி கண்ணில் படாவிட்டால், பல ஆண்ட்ராய்டு பதிப்புகளில் இருப்பிட அனுமதி தரப்படாததே காரணமாக இருக்கும். புறப்படுமுன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள். அப்போது எது தெரிகிறதோ அதுதான் கடலிலும் தெரியும்.

இடக்குறிகளைக் கணினிக்கு மாற்றும்போது கைப்பேசி கணினியில் தெரியாவிட்டால், கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். மலிவான சில கேபிள்களில் மின்சாரம் செல்லும் கம்பிகள் மட்டுமே உண்டு. கோப்பு செல்லும் கம்பிகள் இரா. கேபிள் சரியாக இருந்தாலும், பூட்டைத் திறந்து 'கோப்பு பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுக்கும் வரை கைப்பேசி சார்ஜ் மட்டுமே ஏறும். படகுக் கருவியின் மெமரி கார்டு 32 ஜி.பி.க்கு மேற்பட்டதாயின் பழைய கருவிகள் அதைப் படிக்காமல் 'ஃபார்மட்' செய்யச் சொல்லலாம். ஒப்புக்கொண்டால் கார்டில் உள்ளது அனைத்தும் அழியும்.

கோப்பு மாறவில்லையென்று சிலர் குறிகளைத் தாளில் எழுதிக் கையால் பதிகிறார்கள். இங்குதான் மிகுந்த கவனம் தேவை. படகுக் கருவி 8 டிகிரி 45.500 நிமிடம் என்று காட்டுவதை, கைப்பேசியில் 8.455 டிகிரி என்று பதிந்துவிடுகின்றனர். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஆகவே சரியான எண் 8.7583. இத்தவறு குறியை ஏறத்தாழ 18 கடல் மைல், அதாவது 33 கிலோமீட்டருக்கு மேல், தெற்கே தள்ளிவிடும். தலைகீழாக, கைப்பேசியில் உள்ள கிழக்கு 78.50 டிகிரியை 78 டிகிரி 50 நிமிடம் என்று படகுக் கருவியில் பதிந்தால், குறி சுமார் 36 கிலோமீட்டர் கிழக்கே, 1976-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி அமைந்த இலங்கை எல்லையை நோக்கி நகரும். பார் கிடைக்காமற்போவது டீசல் நட்டம். எல்லை தாண்டினால் படகையும் ஆட்களையும் பிடித்துச் செல்வார்கள்.

இரு கருவிகளின் அமைப்புகளிலும் ஒரே முறையை, கூடுமானால் டிகிரி-நிமிடம் என்பதை, தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மாற்றி முடித்ததும் படகு கட்டும் துறையில் நின்று, அந்த இடத்தின் குறியை இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்கவும். எண்கள் ஒத்து வந்தபின் அதே கோப்பின் நகலொன்றை வீட்டிலுள்ள பென் டிரைவிலும் வைக்க வேண்டும். கடலுக்கு எடுத்துச் செல்லும் பெட்டியில் அதை வைக்கலாகாது.