கணு இல்லாத விரல்

பால் கணக்கானாலும் ஜபக் கணக்கானாலும் நம் ஊரில் எண்ணுவது கட்டைவிரல்தான். மற்ற நான்கு விரல்களின் கோடுகளில் அது ஏறி இறங்கும். விரலுக்கு மூன்று கண்டம், நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. காகிதமும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம்.

இப்படி எண்ண முடியாத கைகளோடு சிலர் பிறக்கிறார்கள். அவர்களுடைய விரலின் நடுக்கணு மடங்காது. மடங்காத இடத்தில் கோடும் விழாது. தோல் மேலிருந்து கீழ்வரை வழவழவென்று ஓடும். படம் எடுத்துப் பார்த்தால் இரண்டு எலும்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே நீள எலும்பு இருக்கும். வலி கிடையாது. சொடக்கு எடுக்க வராது, அவ்வளவுதான். பெரும்பாலும் சுண்டுவிரலில் இருக்கும். சிலருக்கு மோதிரவிரல், நடுவிரல் என்று பரவியிருக்கும். கட்டைவிரலில் இரண்டே எலும்புகள் என்பதால் ஒட்டிக்கொள்ள அங்கே நடுக்கணுவே இல்லை.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு பிரபுவின் பெயர் உண்டு: டால்பட் விரல்கள்.

ஷ்ரூஸ்பரியின் முதல் ஏர்ல் ஜான் டால்பட், நூறாண்டுப் போரின் கடைசிப் பெரிய ஆங்கிலத் தளபதி. குழந்தைகளை மிரட்ட பிரெஞ்சுத் தாய்மார்கள் இவர் பெயரைச் சொன்னார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. 1429-இல் பட்டே என்ற இடத்தில், ஜோன் ஆஃப் ஆர்க் இருந்த படையிடம் தோற்றுச் சிறைப்பட்டார். இருபது ஆண்டுகள் கழித்து ரூவான் நகரம் வீழ்ந்தபோது மறுபடியும் பிணைக்கைதி. பிரெஞ்சு மன்னனுக்கு எதிராக இனிக் கவசம் அணிய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே விடுதலை கிடைத்ததாம். அந்த வாக்கை அவர் வினோதமாகக் காப்பாற்றினார். போருக்குப் போனார், ஆனால் கவசம் அணியாமல் போனார்.

1453 ஜூலை 17. போர்தோவுக்குக் கிழக்கே காஸ்தியோன். ழான் பியூரோ என்ற பீரங்கி நிபுணர் அகழி வெட்டி, மண்மேடு எழுப்பி, பீரங்கிகளை வரிசையாக நிறுத்திக் காத்திருந்தார். அறுபதைத் தாண்டிய கிழவர் டால்பட் நேராக அதன்மேல் படையை ஏவினார். குண்டடி பட்டுக் குதிரை சாய்ந்து அவர்மேல் விழுந்தது; எழ முடியாமல் கிடந்தவரைக் கோடரியால் வெட்டினார்கள். கூடவே வந்த மகனும் அன்றே மாண்டான். நூறாண்டுப் போர் முடிந்தது அந்த வயலில்தான்.

மறுநாள் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றைக் கவனியுங்கள். முகம் சிதைந்து கிடந்த உடலை அடையாளம் காட்ட டால்பட்டின் கட்டியக்காரரை அழைத்து வந்தார்கள். அவர் பிணத்தின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவி, கடைவாயில் ஒரு பல் இல்லாத குழியைத் தொட்டறிந்த பிறகே "இவர்தான் என் எஜமான்" என்று அழுதாராம். ஆண்டுக்கணக்கில் எஜமானோடு இருந்த மனிதர் அவர். மடங்காத விரல்கள் இருந்திருந்தால் பல்லுக்கு முன்னால் கையைத்தானே பார்த்திருப்பார்? எனக்கு இந்த ஐயம் தீரவில்லை. கை வெட்டுப்பட்டிருக்கலாம், கதையே பிற்காலத்தில் மெருகேறியிருக்கலாம். ஆனால் விரலைப் பற்றிய கதைக்கு எதிராகப் பல் ஒன்று சாட்சி சொல்வது அழகாகத்தான் இருக்கிறது.

சரி, விரல் கதை எங்கிருந்து வந்தது? வேல்ஸின் ரெக்ஸம் நகரில் ஹாரி டிரிங்க்வாட்டர் என்றொரு மருத்துவர். மெண்டலின் பட்டாணிச் செடி விதிகள் 1900-இல் தூசு தட்டி எடுக்கப்பட்ட பிறகு, அவை மனிதருக்கும் பொருந்துமா என்று பலரும் தேடிக்கொண்டிருந்த காலம். முதலில் அகப்பட்டவற்றில் ஒன்று விரல். ஃபாராபீ என்ற அமெரிக்கர் 1905-இல் ஒரு குடும்பத்தின் குட்டை விரல்கள் மெண்டல் விதிப்படியே இறங்குவதைக் காட்டினார். விரலில் இதற்கு வசதி அதிகம். நோயை ஒளிக்கலாம், கையை ஒளிக்க முடியாது. தாத்தாவுக்கு எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். குட்டை விரல் குடும்பங்களை ஆராய்ந்த டிரிங்க்வாட்டருக்கு, கணு ஒட்டிய விரல்களோடு டால்பட் வம்சத்தாரும் கிடைத்தார்கள். இந்த விரல் முதல் ஏர்லிடமிருந்து பதினான்கு தலைமுறையாக இறங்கி வருவது என்று 1917-இல் எழுதினார். உலகிலேயே மிக நீண்ட காலம் தொடரப்பட்ட மனிதப் பரம்பரைக் குணம் என்று பாடநூல்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

ஷ்ரோப்ஷயரின் விட்சர்ச் தேவாலயத்தில் டால்பட்டின் எலும்புகள் இருக்கின்றன. 1874-இல் பழுதுபார்க்கும் வேலையின்போது அவை வெளியே வந்தன. மண்டையோட்டில் கோடரி வெட்டு தெரிந்தது. அதற்குள்ளே சுண்டெலிக் கூடு. வீரம் கடைசியில் எலிக்கு வீடானது.

இதே குடும்பத்துக்கு ஒரு சாபக்கதையும் உண்டு. ஸ்டாஃபர்ட்ஷயரில் ஆல்டன் என்ற ஊர் பக்கம் டால்பட்டுகளின் மாளிகை இருந்தது. ஒருநாள் இரவு வண்டியில் வந்த பிரபுவிடம் ஒரு கிழவி காசு கேட்டாள், அவர் விரட்டினார். "இந்தக் கருவாலி மரத்தின் ஒவ்வொரு கிளை விழும்போதும் உன் குடும்பத்தில் ஓர் உயிர் போகும்" என்றாள் அவள். அன்றிரவே புயல், ஒரு கிளை விழுந்தது, ஓர் உயிரும் போனது. பிரபு மரத்தின் கிளைகளை எல்லாம் இரும்புச் சங்கிலியால் பிணைக்கச் சொன்னார். சங்கிலி மரம் இன்றும் அங்கே நிற்கிறது. 2007-இல் அதன் ஒரு பெரும்பகுதி சரிந்தது. மாளிகை இப்போது ஆல்டன் டவர்ஸ் என்ற கேளிக்கைப் பூங்கா. சாபக்கதையை வைத்தே அங்கே ஒரு சவாரி ஓடுகிறது.

தமிழில் கிளை என்றால் மரக்கிளை, சுற்றத்தாரும் கிளைதான். கணு கரும்பிலும் இருக்கிறது, விரலிலும் இருக்கிறது. கிளைகளை அசையாமல் கட்டிய குடும்பத்திலேயே கணுக்கள் அசையாமல் கட்டிக்கிடந்தன என்றால் நம் கதைசொல்லிகள் இரண்டையும் ஒரே சாபமாக முடிச்சுப் போட்டிருப்பார்கள். அங்கே அப்படி நடக்கவில்லை. மரம் சாபமானது, விரல் பெருமையானது. மடங்காத சுண்டுவிரல் வேறு வீட்டில் குறை. காஸ்தியோனில் மாண்ட வீரனின் வாரிசு வீட்டில் அது முத்திரை மோதிரம்.

முத்திரை எப்படிக் குத்தப்படுகிறது என்பது தெரிய எண்பது ஆண்டுகள் ஆயின. முதல் நூலைப் பிடித்தவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். டிரிங்க்வாட்டருக்கு ஓராண்டு முன்பே, 1916-இல், வர்ஜீனியாவின் ஒரு பெரிய குடும்பத்தில் இதே விரல்களைப் பதிவு செய்து, சிம்ஃபாலஞ்சிசம் என்ற பெயரையும் வைத்தார். அவர் வரைந்த வம்சக்கொடி வீணாகவில்லை. 1995-இல் அதே குடும்பத்தின் வழித்தோன்றல்களிடம் ரத்தம் எடுத்து, குறை 17-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

இதற்கிடையில் கலிஃபோர்னியாவில் தவளைக் கருக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேறொரு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்மித்தும் ஹார்லண்டும் 1992-இல் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தனர். அதை அதிகமாகக் கொடுத்தால் தலைப்பிரட்டைக்குத் தலை பெருத்தது. தலையைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லையே அதற்கு வைத்தார்கள்: நாகின். தொலைக்காட்சிப் பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கருவில் விரல் முதலில் கணு கணுவாக உருவாவதில்லை. கரும்புத் துண்டு போல அல்ல, மெழுகுவத்தி போல, முழுசாக ஒரு குருத்தெலும்புக் குச்சியாகத் தொடங்குகிறது. பிறகு அதில் சில இடங்களில் மட்டும் செல்கள் "நாங்கள் எலும்பாக மாட்டோம்" என்று ஒதுங்குகின்றன. அந்தப் பட்டைதான் பின்னால் பிளந்து மூட்டு ஆகிறது. ஒதுங்குவது எளிதல்ல. சுற்றிலும் எலும்பு வளர்க்கும் புரதங்கள், சுருக்கமாக பி.எம்.பி., "எலும்பாகு, எலும்பாகு" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். நாகினின் வேலை அந்தப் புரதங்களைக் கட்டிப்பிடித்து வாயை மூடுவது. அது இருக்கும் இடத்தில் அமைதி. அமைதி இருக்கும் இடத்தில் மூட்டு.

1998-இல் நாகின் மரபணு இரண்டு பிரதியும் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் கால்களில் மூட்டுகளே உருவாகவில்லை; பிறந்து பிழைக்கவும் இல்லை. அடுத்த ஆண்டே, விரல் ஒட்டிய மனிதக் குடும்பங்களில் இதே மரபணுவில் பிழைகள் இருப்பது தெரிந்தது. அவர்களுக்கு ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நலம். பாதி நாகின் உடம்பின் பெரும்பாலான மூட்டுகளுக்குப் போதும். விரலின் நடுக்கணுவுக்குப் போதாது. அங்கே நச்சரிப்பு வென்று, குச்சி குச்சியாகவே நின்றுவிடுகிறது.

பாதி போதாத இன்னோர் இடம் காது. நடுக்காதில் மூன்று குட்டி எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். கடைசி எலும்பின் பெயர் அங்கவடி. குதிரை வீரன் கால் வைத்து ஏறும் அதே அங்கவடி, அதே வடிவம். இந்த மரபணு பழுதானவர்களில் சிலருக்கு அது அசையாமல் இறுகிவிடும், காது மந்தமாகும். அந்த எலும்பை எடுத்துவிட்டுச் செயற்கைத் துண்டு வைக்கும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் கேட்கும் திறனை மீட்டுத் தருகிறது. விரலுக்கு அப்படி ஒரு வழி இல்லை. மூட்டை வெட்டிப் பிரித்தாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளவே பார்க்கும்.

பதினான்கு தலைமுறைக்கு வருவோம். ஒரு பிரதி பழுதாக இருந்தாலே குறை தெரியும் என்பதால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்க வாய்ப்பு சரிபாதி. பதினான்கு தலைமுறை என்றால் இடையே பதின்மூன்று தாவல். நாணயத்தைப் பதின்மூன்று முறை சுண்டி, பதின்மூன்றும் தலை விழ வேண்டும்: 8,192-இல் ஒன்று. இதைச் சொல்லிக் கதையைத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். அது தவறு. ஒரே பிள்ளை உள்ள வரிசைக்குத்தான் அந்தக் கணக்கு. வீட்டுக்கு நான்கு பிள்ளை பிழைத்தால் சராசரியாக இருவர் கையில் அது இறங்கும். குடும்பம் கிளைக்கக் கிளைக்க விரலும் கிளைக்கும். வாளைப் பிடிக்கவோ கலப்பையைப் பிடிக்கவோ பெரிய இடைஞ்சல் இல்லாததால் இயற்கையும் அதைக் களையெடுக்காது. ஐந்நூறு ஆண்டு ஓடிவருவது நடக்கக்கூடியதே.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வம்சக்கொடியில் மேலே உள்ளவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும், விரல்கள் தெரியாது. கீழே உள்ளவர்களின் விரல்கள் தெரியும். இடையில் எந்தக் கருவிலும் இந்தப் பிழை புதிதாகத் தொடங்கியிருக்கலாம். வெளியிலிருந்து மணமுடித்து வந்த ஒரு பெண்ணின் கையில் சீதனமாகவே வந்திருக்கலாம். பட்டயம் ஆண்வழியை மட்டும் எழுதும். மரபணு மகளோடும் போகும். பதினேழாவது ஏர்ல் 1856-இல் மணமாகாமல் இறந்தபோது, பட்டம் எங்கோ தூரத்துப் பங்காளி ஒருவருக்குப் போனது. அதை முடிவுசெய்யப் பிரபுக்கள் சபைக்கு இரண்டாண்டு ஆயிற்று. பட்டத்தின் பாதை இப்படி. விரலின் பாதை அதே வழியில் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எல்கிங்டனும் ஹன்ட்ஸ்மனும் 1967-இல் டால்பட் விரல்களை மறுபடி ஆராய்ந்தபோது, முதல் ஏர்ல்வரை நீட்டிய கயிற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கல்லறையில் ஒட்டிய கணு ஒன்று இருந்தாலும்கூட அது தீர்ப்பாகாது. அறுபது வயதுவரை வாள் சுழற்றியவனின் விரல், அடிபட்டும் வாதத்தாலும் ஒட்டக்கூடியதே.

டால்பட்டுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் பின்னால் போர்க்களத்தில் மாண்ட மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012-இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தன. மன்னனின் சகோதரி வழியில், தாய்க்குத் தாயாக வந்த டி.என்.ஏ. கச்சிதமாகப் பொருந்தியது. பட்டயங்கள் உறுதியாகச் சொன்ன ஆண்வழி பொருந்தவில்லை. இடையில் எங்கோ ஒரு தகப்பன் வேறு ஆள். ஐந்நூறு ஆண்டு வம்சக்கொடியில் அது ஒன்றும் அதிசயமில்லை. விட்சர்ச் எலும்புகளிலும் நாகின் மரபணு படிக்கக்கூடிய நிலையில் மிஞ்சியிருந்தால், டால்பட்டின் கதையையும் இப்படிச் சோதிக்கலாம்.

அது இருக்கட்டும். பிறந்த குழந்தையிடம் இந்தக் குறையை அறிய எளிய வழி பழைய வழிதான். பச்சைக் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பயனில்லை; ஒட்டியிருப்பது இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும், படத்தில் விழாது. ஆனால் விரல் கோடுகள் கருவில் மூன்றாம் மாதத்தை ஒட்டியே விழுந்துவிடுகின்றன. பிறந்த குழந்தையின் கையைத் திருப்பி, சுண்டுவிரலில் நடுக்கோடு ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.