படம் அழியாத பிஸ்கட்

தெற்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரைச் சுற்றியுள்ள பகுதிக்கு சுவாபியா என்று பெயர். அங்கே கிறிஸ்துமஸுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே பல வீடுகளில் சமையலறை மேசைக்குச் சின்னச் சின்ன மரப்பலகைகள் வந்துவிடும். பேரிக்காய் மரத்தில் செதுக்கியவை அவற்றில் நிறைய. ஒன்றில் குதிரைவீரன், ஒன்றில் சேவல், இன்னொன்றில் பூக்கூடை அல்லது குழந்தை இயேசு. கொள்ளுப்பாட்டி காலத்துப் பலகையை எடுத்து இன்றைக்கு ஏழு வயதுப் பேத்தி மாவின்மேல் அழுத்துவாள். அப்படிப் படம் பதித்துச் சுடும் வெள்ளை பிஸ்கட்தான் ஸ்பிரிங்கர்லே.

ஓவனிலிருந்து வெளியே வந்த பிறகும் அந்தக் குதிரையின் கடிவாளம்கூடத் தெளிவாகத் தெரியும். பிஸ்கட் மாவு சூட்டில் உப்பும், பரவும், மேலே வெடிக்கும். இந்தப் படம் மட்டும் எப்படி அழியாமல் தப்பிக்கிறது? நான்கு முட்டைக்குள்ளும் ஒரு சிட்டிகை உப்புக்குள்ளும் ஒரு நாள் காத்திருப்புக்குள்ளும் இதற்கான விடை ஒளிந்திருக்கிறது.

மாவிலிருந்து தொடங்கலாம். பழைய கணக்கு எளிமையானது: அரை கிலோ மைதா, அரை கிலோ பொடித்த சர்க்கரை, 4 முட்டை. வெண்ணெய் கிடையாது. வெண்ணெய் 35 டிகிரி செல்சியஸை எட்டுவதற்குள் இளகி உருகிவிடும். அது சேர்ந்த மாவு, வேகத் தொடங்கும் முன்பே தட்டில் பரவும். பரவினால் குதிரையின் கால் எது, வால் எது என்று தெரியாது. அதனால் வெண்ணெய்க்கு இங்கே இடமில்லை.

முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக அடிக்க வேண்டும். மின்சாரக் கருவி வருவதற்கு முன்பு, வீட்டில் இருப்பவர்கள் மாறி மாறிக் கையால் வெகுநேரம் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கலவை வெளுத்து, நுரைத்து, கெட்டியாகும். முட்டையில் உள்ள புரத இழைகள் சுருண்டு கிடப்பவை. அடிக்கும்போது அவை பிரிந்து, உள்ளே புகும் காற்றுக் குமிழ்களைச் சுற்றி மெல்லிய உறையாகப் படிகின்றன. இப்படி ஆயிரக்கணக்கான குமிழ்கள் மாவுக்குள் சிறைப்பட்டுவிடும்.

அடுத்து அந்தச் சிட்டிகை உப்பு. ஜெர்மானியர்கள் அதை மான்கொம்பு உப்பு என்கிறார்கள். பழங்காலத்தில் அது உண்மையிலேயே மான்கொம்பிலிருந்துதான் வந்தது. கொம்பைச் சீவி, மூடிய பாத்திரத்தில் சூடாக்குவார்கள். கொம்பில் இருக்கும் புரதத்தில் நைட்ரஜன் உண்டு. அது சூட்டில் அம்மோனியாவாக வெளியேறி, பாத்திரத்தின் குளிர்ந்த பகுதியில் வெள்ளை உப்பாகப் படியும். இப்போது எந்த மானுக்கும் தொந்தரவில்லை. தொழிற்சாலையில் அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் மூன்றையும் சேர்த்தே இதைச் செய்துவிடுகிறார்கள். நம் ஊர் பிஸ்கட்டுகளிலும் இதன் உறவு ஒன்று இருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் 503(ii) என்ற எண் இருக்கும். அது அம்மோனியம் பைகார்பனேட். பக்கத்திலேயே 500(ii) இருந்தால் அது சமையல் சோடா.

இரண்டுமே மாவை உப்பவைக்கும். ஆனால் சோடா சூட்டில் பிரிந்து வாயுவை விட்ட பிறகு, சோடியம் கார்பனேட் என்ற ஒரு பொருள் மாவிலேயே தங்கிவிடும். அளவு கூடினால் நாக்கில் சோப்புச் சுவை தட்டுவது அதனால்தான். மான்கொம்பு உப்போ சுமார் 60 டிகிரியில் வேகமாகப் பிரிந்து அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு, நீராவி என மூன்றாக மாறிவிடும். மூன்றும் காற்றோடு போய்விடும், மாவில் மிச்சம் எதுவும் இருக்காது. ஓவன் கதவைத் திறந்ததும் ஒரு நெடி மூக்கைத் துளைக்கும்; அது வெளியேறிக்கொண்டிருக்கும் அம்மோனியா. (அந்த உப்பு இருக்கும் புட்டியை மூக்கருகே கொண்டுபோகவே கூடாது. பச்சை மாவையும் வாயில் போடக் கூடாது.)

அப்படியானால் கேக்குக்கும் இதையே போடலாமே என்று கேட்பீர்கள். போட முடியாது. அம்மோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும் வாயு. தடித்த, ஈரமான கேக்குக்குள் அது கரைந்து தங்கிவிடும். கேக் முழுக்க அந்த நெடிதான் வீசும். மெல்லிய, உலர்ந்த பிஸ்கட்டில் தண்ணீரும் வெளியேறிவிடுகிறது, அதோடு அம்மோனியாவும் போய்விடுகிறது.

இனி பலகை. அதில் படம் உள்வாங்கிக் குடையப்பட்டிருக்கும். மாவில் பதிந்தால் புடைத்து நிற்கும். இடம் வலமாக மாறியும் வரும். உங்கள் பெயரைச் செதுக்க நினைத்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும். மாவு ஒட்டாமலிருக்கப் பலகையில் மைதாவைத் தூவுவதும், அழுத்துவதும், ஓரத்தை வெட்டுவதும் பிள்ளைகளின் வேலை. தட்டில் சோம்பு தூவி அதன்மேல் பிஸ்கட்டுகளை வரிசையாக அடுக்குவதும் அவர்கள்தான்.

உடனே ஓவனில் வைத்துவிடக் கூடாது. கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்துவிட வேண்டும். இந்தப் பலகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இந்தக் காத்திருப்புதான், ஏனென்றால் படம் தப்பிக்குமா இல்லையா என்பது இங்கேதான் முடிவாகிறது. மொட்டைமாடியில் வடாம் காயும்போது மேல்பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போடுவோம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் காய வேண்டும் நமக்கு. ஸ்பிரிங்கர்லேயை மட்டும் திருப்பவே கூடாது. மேற்பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாகி, சர்க்கரையும் முட்டையும் இறுகி ஓடுபோல் ஆகும். அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். சில வீடுகளில் சுடுவதற்கு முன் அடிப்பக்கத்தை ஈரத்துணியில் ஒற்றி எடுப்பதும் உண்டு, அந்த வேறுபாட்டை இன்னும் கூட்டுவதற்காக.

இப்போது ஓவனில் சுமார் 150 டிகிரி. கண்ணாடிக் கதவு வழியே பாருங்கள். உள்ளே சிறைப்பட்ட காற்று விரிகிறது, மான்கொம்பு உப்பின் வாயுக்கள் பெருகுகின்றன. மேலே ஓடு இறுகிவிட்டதால் அந்தப் பக்கம் வழியில்லை. மென்மையான அடிப்பகுதிதான் பக்கவாட்டில் பிதுங்கி, படம் பதிந்த மேல்பகுதியை ஒரு மூடியைப்போல அப்படியே செங்குத்தாகத் தூக்குகிறது. சற்று நேரத்தில் முட்டைப் புரதம் வெந்து இறுகி, எழுந்த உயரத்தை அங்கேயே நிறுத்திவிடுகிறது. பிஸ்கட்டின் அடியில் நுரைத்த விளிம்பு ஒன்று தெரியும். அதைச் சுவாபியப் பாட்டிகள் குட்டிக் கால் என்பார்கள். கால் வந்தால்தான் பிஸ்கட் தேறியதாகக் கணக்கு. ஒரு பக்கம் காற்றுப்பட்டு அதிகமாகக் காய்ந்திருந்தால் கால் சாய்வாக முளைக்கும். போதுமான அளவு காயவில்லை என்றால் மேற்பரப்பு வெடித்து, குதிரைவீரன் இரண்டாகப் பிளந்துவிடுவான். சூடு குறைவாக இருப்பதால் மேல்பக்கம் சிவக்காமல் வெள்ளையாகவே நிற்கிறது. அடிப்பக்கம் மட்டும் இலேசாகப் பொன்னிறமாகும்.

சோம்பு என்றேன். அவர்கள் தூவுவது நம் வீட்டுச் சோம்பு அல்ல, அனிஸ் என்ற வேறொரு செடியின் விதை. ஆனால் வாசனை நமக்குப் பழக்கமானதாகவே இருக்கும். அனிஸ், பெருஞ்சீரகம் என்கிற நம் சோம்பு, பிரியாணியில் போடும் அன்னாசிப்பூ மூன்றிலும் அனெத்தோல் என்ற ஒரே வாசனைப்பொருள் இருக்கிறது. அன்னாசிப்பூ ஒரு மரத்தில் காய்ப்பது. அனிஸுக்கும் பெருஞ்சீரகத்துக்கும் அது நெருங்கிய உறவு இல்லை. அப்படியும் அதே மூலக்கூற்றைத் தானாகச் செய்துகொள்கிறது.

சுட்டு ஆறியதும் ஸ்பிரிங்கர்லே கல்லாக இருக்கும். கடித்தால் பல்தான் வலிக்கும். அதனால்தான் பண்டிகைக்கு வாரக்கணக்கில் முன்பே சுட்டு, தகர டப்பாவில் போட்டு, கூடவே ஒரு துண்டு ஆப்பிளையும் வைக்கிறார்கள். சர்க்கரைக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. ஆப்பிளிலிருந்து ஆவியாகும் ஈரத்தை அது மெல்ல உள்வாங்கிக்கொள்ள, கிறிஸ்துமஸ் வருவதற்குள் பிஸ்கட் பதமாக இளகியிருக்கும்.

இதை ஓவன் இல்லாமலே சோதிக்கலாம். காற்றுப் புகாத டப்பாக்கள் இரண்டு எடுங்கள். இரண்டிலும் கடையில் வாங்கிய மொறுமொறு பிஸ்கட் ஒவ்வொன்று. ஒரு டப்பாவில் மட்டும் சின்னக் கிண்ணத்தில் ஒரு ஆப்பிள் துண்டு, பிஸ்கட்டில் படாமல். ஒரு நாள் கழித்து இரண்டு பிஸ்கட்டையும் உடைத்துச் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு ஆப்பிள் துண்டின் வெட்டிய பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, அங்கே என்ன மாறியிருக்கிறது, ஏன் என்று வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள்.