முன் பிரேக் எந்தக் கையில்?

ஆல்ப்ஸில் ஒரு கோடை – 6

வாடகை சைக்கிள் கடைப் பையன் முதலில் உயரம் கேட்டான். அடுத்து எடை. மூன்றாவதாக, "பிரேக் எப்படி வேண்டும்? பிரிட்டன் முறையா, ஐரோப்பா முறையா?" என்றான். டீக்கடையில் சர்க்கரை தூக்கலா, கம்மியா என்று கேட்பதைப்போல அதை எடுத்துக்கொண்டு, "எதுவானாலும் சரி" என்று தலையாட்டிவிட்டேன். அதன் பலனை மறுநாள் முற்பகல் ஒரு புல்சரிவில் குப்புற விழுந்து அனுபவித்தேன். அதற்கு முன் ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வாரம் ஜெனிவா ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து மைத்துனன் காரில் எங்களை அழைத்துக்கொண்டு பிரான்ஸுக்குள் புகுந்து, ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்த ஊர் மோர்ஸீன். ஓத்-சவ்வா மாவட்டத்தில் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், நாலாபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. வீட்டுக்கூரைகளில் ஓடு இல்லை, தகடு தகடாகக் கற்பலகை. பனிச்சறுக்கு வருவதற்கு முன்பு இந்த ஊருக்குச் சோறு போட்டது இந்தப் பலகைக்கல்தான். மலையைக் குடைந்து வெட்டி, தகடாகப் பிளந்து, ஊர் ஊராக விற்றிருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஊர். கோடையில் சைக்கிள் ஊர். ஜூலை மாதத் தெருவில் நடந்தால் கிரிக்கெட் கீப்பரையும் மோட்டார் பந்தயக்காரனையும் சேர்த்துச் செய்தாற்போல ஆட்கள்: முழங்காலுக்குக் காப்பு, முழங்கைக்குக் காப்பு, முகம் முழுக்க மூடிய ஹெல்மெட், இடுப்புவரை சேறு. நடுநடுவே கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டபடி ஐஸ்க்ரீம் சாப்பிடும் இளைஞர்கள். காரிலிருந்து இறங்கியதும் என் மனைவி எண்ணியது அவர்களைத்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு… ஏண்டா தம்பி, இது உல்லாசத்துக்கு வர்ற ஊரா, எலும்பு முறிவு ஆஸ்பத்திரி வாசலா?" என்றாள். "அக்கா, அவங்கெல்லாம் கறுப்புத் தடத்துல போறவங்க. நாம பச்சை" என்று சமாளித்தான் தம்பி.

பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று தடங்களுக்கு நிறம் உண்டு. பனிச்சறுக்குத் தடங்களுக்கு வைத்த அதே வரிசை. லிஃப்டும் அதுவே. பனிக்காகப் போட்ட நாற்காலி லிஃப்டுகள் கோடையில் சும்மா நிற்பானேன் என்று அவற்றில் கொக்கி மாட்டி, சைக்கிளைத் தொங்கவிட்டு மேலே ஏற்றுகிறார்கள். இதுபோல 12 ஊர்களை ஒரே வலையாகப் பின்னிய இந்தப் பகுதிக்கு 'போர்த் து சொலே' என்று பெயர், சூரிய வாசல்கள். பெரும்பாலான ஊர்கள் பிரான்ஸில், மீதி சுவிட்சர்லாந்தில். இந்த வலையைக் கனவு கண்டவர்களில் முக்கியமானவர் ழான் வுவார்னே. மோர்ஸீனில் வளர்ந்தவர். 1960 குளிர்கால ஒலிம்பிக்கில், மற்றவர்கள் மரப்பலகையை நம்பிக்கொண்டிருந்தபோது உலோகப் பலகை கட்டிக்கொண்டு இறங்கித் தங்கம் வென்றவர். கறுப்புக் கண்ணாடிப் பிரியர்களுக்கு அந்தப் பெயர் வேறு வகையில் தெரிந்திருக்கும்.

ஆயிரம் மீட்டர் என்பது ஆல்ப்ஸ் கணக்கில் தாழ்வான இடம். பனி பொய்த்தால் முதலில் அடி வாங்குவது இந்த மாதிரி ஊர்கள்தான். 2022 முடிந்து 2023 பிறந்த வாரத்தில் ஆல்ப்ஸின் தாழ்ந்த சரிவுகளெல்லாம் புல்லும் சேறுமாகக் கிடந்த படங்கள் நினைவிருக்கலாம். சைக்கிளுக்கு இவர்கள் விரிக்கும் கம்பளத்தில் விருந்தோம்பல் பாதி, கவலை பாதி.

சைக்கிளுக்கு வருகிறேன். நான் பதினோரு வயதில் குரங்குப்பெடல் போட்டுக் கற்றவன். சைக்கிள் என்றால் எனக்குக் கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, பெல். இதில் நான்குமே இல்லை. டயர் என் முன்கை அகலம். அதைக் கட்டைவிரலால் அமுக்கினேன், உள்ளே போனது. "காத்து கம்மியா இருக்கே" என்றேன். "அப்படித்தான் இருக்கணும், கல்லைப் பிடிச்சு உருளணும்" என்றான் பையன். பொள்ளாச்சியில் எங்கள் பஞ்சர் கடைக்காரர் பார்த்தால் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி சீட்டு. ஹேண்டில்பாரில் ஒரு சிறு விசை இருக்கிறது. அதை அமுக்கினால் சீட்டு அப்படியே கீழே போய் ஒடுங்கிவிடும். இறக்கத்தில் அது தேவையே இல்லையாம். "இந்த வாரம் முழுக்க நீங்கள் இதில் உட்காரப்போவதில்லை" என்றார் மறுநாள் காலை எங்களுக்கு அமைந்த பயிற்சியாளர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. வெயிலில் காய்ந்த முகம், வரப்பில் நடப்பவர்போல அலட்டலில்லாத நடை.

மோர்ஸீனை ஒட்டிய லே ஜே என்ற ஊருக்கு எங்களை அழைத்துப் போனார். அங்கேதான் பச்சைத் தடங்கள் தாராளம். அதே ஊரில்தான் 2004இலும் 2022இலும் மலைச் சைக்கிள் உலகப் போட்டிகள் நடந்தன. 2022இல் பிரான்ஸின் லோயிக் புரூனி தன் ஐந்தாவது உலகப் பட்டத்தை சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் வென்ற சரிவைத் தூரத்திலிருந்து காட்டினார். சுவரில் வகிடு எடுத்ததுபோல இருந்தது. "நாம் அங்கே போகவில்லை" என்று என் மனைவியின் கண்ணைப் பார்த்து அவராகவே சொன்னார்.

பாடம் எளிமையானது. பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், குதிகாலைத் தாழ்த்த வேண்டும், முழங்கையை விரித்துக்கொள்ள வேண்டும். பிரேக்கில் ஒரே ஒரு விரல், ஆள்காட்டி விரல் மட்டும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். வளைவு வருவதற்கு முன்பே பிடிக்க வேண்டிய பிரேக்கைப் பிடித்து முடித்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். "கடைசி வரி எல்லோருக்கும் புரியும், யாரும் செய்யமாட்டார்கள்" என்றார்.

எங்கள் மகள், பன்னிரண்டு வயதுப் பாப்பா செய்தாள். தடத்தின் திருப்பங்களில் மண்ணைக் கிண்ணத்து விளிம்புபோலச் சரித்துக் கட்டியிருக்கிறார்கள். அதில் அவள் சாய்ந்து ஏறி வழுக்கிக்கொண்டு வந்த விதம், நேற்றுவரை நீச்சல்குளத்தில் காலை நனைக்க யோசித்த பிள்ளையா இது என்று இருந்தது. நான் பின்னால் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி, கல்யாண ஊர்வலத்துக் கார் மாதிரி வந்துகொண்டிருந்தேன். மூன்றாவது திருப்பம் கடந்ததும் தடத்தின் குறுக்கே ஒரு வேர். பதற்றம். அந்தக் கணத்தில் மூளை யோசிப்பதில்லை, இருபது வருட ஸ்கூட்டர்தான் யோசிக்கிறது. நம்மூர் ஸ்கூட்டரில் இடது கை பின்பிரேக். வண்டியை நிதானமாக நிறுத்த நாம் முதலில் அமுக்குவது அதைத்தான். நானும் இடது கையால் அழுத்தமாக ஒரு பிடி பிடித்தேன்.

ஐரோப்பா முறையில் இடது கை முன்பிரேக்.

முன்சக்கரம் நின்றது. மற்றதெல்லாம் நிற்கவில்லை. பின்சக்கரம் எழும்பி, நான் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய், ஜவந்திப் பூ மாதிரி மஞ்சளாய் ஏதோ பூத்திருந்த சரிவில் விழுந்தேன். ஹெல்மெட்டும் காப்புகளும் காப்பாற்றின. வலது மணிக்கட்டில் ஒரு சுளுக்கு. பயிற்சியாளர் ஓடிவந்து கை காலை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எந்தக் கை?" என்று கேட்டார். காட்டினேன், சிரித்துவிட்டார். பிரிட்டன்காரர்கள் இங்கே ஏராளமாக வருகிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் முன்பிரேக் வலது கை. சாலையின் இடப்பக்கம் போகிறவன், குறுக்கே திரும்ப வலது கையை நீட்டிக் காட்டும்போது இடது கையில் பின்பிரேக் மிச்சம் இருக்கட்டும் என்று அப்படி வைத்தார்கள் என்பார்கள். அதனால்தான் கடைப் பையன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான். தப்பு அவனுடையதல்ல.

(இடையில் ஒன்று. வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுக்கிறவர்கள் பொடி எழுத்தைப் படியுங்கள். சாகச விளையாட்டில் அடிபட்டால் காசு கிடையாது என்று பல பாலிசிகளில் ஒரு வரி ஒளிந்திருக்கும். என்னுடையதிலும் இருந்தது. மருந்துக்கடையில் மணிக்கட்டுப் பட்டி வாங்கிய காசு என் பாக்கெட்டிலிருந்துதான்.)

மணிக்கட்டில் பட்டி சுற்றிக்கொண்டு திண்ணைபோன்ற மரப்பலகையில் உட்கார்ந்திருந்தபோது, இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு பிரேக் பிரச்சினையில்தான் என்று மைத்துனன் ஆரம்பித்தான். ஆறுதலுக்காகச் சொன்னாலும் கதை உண்மை. பிறந்தது ஆல்ப்ஸில் அல்ல, கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில். 1970களில் அங்கே சில இளைஞர்கள், பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் தூக்கிக்கொண்டு போய் மண்பாதையில் இறங்கிப் பார்த்தார்கள். அந்தச் சைக்கிள்களில் கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் பிடிக்கும். மூன்றரை கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். கீழே வந்து சேரும்போது ஹப்பில் இருந்த கிரீஸ் அத்தனையும் புகைந்து தீர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் மறுபடி அடைப்பது 'ரீபேக்'. அந்தப் பாதைக்கே அதுதான் பெயர். 1976 அக்டோபரில் அங்கே முதல் பந்தயம் நடந்தது. மறு வருடமே ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே ஒரு சைக்கிளை வடிவமைத்துச் செய்தார்.

"அவங்களுக்குப் பிடிக்கலைன்னு பிரச்சினை. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு மாமா" என்றான். மச்சினன்மார் இருப்பதே இதற்குத்தான்.

மதியத்துக்கு மேல் பெண்கள் கட்சி பிரிந்தது. மனைவியும் மைத்துனன் மனைவியும் காரில் மோந்திரியோ ஏரி வழியாக லே லாந்தரே என்ற கிராமத்துக்குப் போனார்கள். அங்கே கோடை முழுக்க ஆடுகள் தெருவில் தன்னிச்சையாகத் திரியும். ஊருக்கே ஆட்டுக் கிராமம் என்றுதான் பெயர். ஒரு ஆடு என் மனைவியின் கையிலிருந்த காகிதத் தட்டை, மிச்சமிருந்த பலகாரத்தோடு சேர்த்துத் தின்றுவிட்டதாம். "ஆடு எங்க ஊரு ஆடு மாதிரியேதான்" என்று திருப்தியாகச் சொன்னாள். அவளுடைய ஆல்ப்ஸ் நினைவுகளில் மோன் பிளாங்குக்கு மேலே இந்த ஆடு இருக்கிறது.

மாடுகள் வேறு ரகம். சிவந்த பழுப்பு உடம்பு, வெள்ளை முகம், கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம், கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி. அபோந்தான்ஸ் இனம், பக்கத்துப் பள்ளத்தாக்கின் பெயர்தான். கோடையில் இவற்றை உயர மேய்ச்சலுக்கு ஓட்டி வருகிறார்கள். சைக்கிள் தடம் அந்த மேய்ச்சல் நிலத்தின் ஊடாகத்தான் போகிறது. படலைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். ஆட்டு மந்தைக்குக் காவலாக 'பத்து' என்ற பெரிய வெள்ளை நாய் இருந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவே வைத்துத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் என்று பலகை சொல்கிறது. மலை முதலில் அவற்றுக்கு, பிறகுதான் நமக்கு.

அந்த மாடுகளின் பாலில் செய்யும் ரெப்லோஷோன் பாலாடைக்கட்டியின் பெயர்க்கதை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் கறக்கும் பாலின் அளவைப் பார்த்து நிலக்கிழார் குத்தகை வசூலிப்பார். ஆள் வந்து அளக்கும்போது பாதி மடியோடு நிறுத்திவிட்டு, அவர் தலை மறைந்ததும் மறுபடி கறப்பார்களாம். மறுபடி மடியைப் பிடிப்பதற்கு அவர்கள் வட்டார மொழியில் உள்ள சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். இரண்டாம் கறவையில் கொழுப்பு அதிகம், அதனால் ருசியும் அதிகம். உருளைக்கிழங்கோடு சேர்த்துச் சுட்ட 'தார்த்திஃப்ளெத்' இரவில் கிடைத்தது. பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இல்லாமல் தர முடியுமா என்று கேட்டதற்கு, பரிமாறிய பெண் முகம் வாடிவிட்டாள். ஆனாலும் தந்தாள்.

அன்று மாலையே கடைக்குப் போய்ப் பிரேக்கை மாற்றச் சொன்னேன். பையன் ஒன்றும் கேட்கவில்லை. மணிக்கட்டுப் பட்டியைப் பார்த்தான், குழாய்களைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினான். பாப்பாவின் சைக்கிளையும் மாற்றவா என்று கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். ஸ்கூட்டர் ஓட்டியிராத கைக்கு எந்தப் பக்கமானால் என்ன.

மூன்றாம் நாள் முன்பிரேக் வலது கையில். இனி பழி சொல்ல ஆளில்லை. உச்சியில் நீலத்தடமும் பச்சைத்தடமும் பிரியும் இடத்தில் பாப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நீலத்தில் இறங்கிவிட்டாள். பின்னாலேயே போனேன். வளைவுக்கு முன்னால் பிடி, வளைவுக்குள் விடு. முதல் மூன்று வளைவுகளில் விட்டேன். நான்காவதில் சரிவு கண்ணில் பட்டது. அப்புறம் எங்கே விட. இறுக்கிப் பிடித்தது பிடித்தபடி கீழே வந்து சேர்ந்தபோது, அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, பாட்டிலில் பாதித் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தாள்.

"அப்பா, ஏதோ கருகுற வாசனை வருது" என்றாள்.

வால்பாறை நாற்பது கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறங்கிவந்த லாரியின் வாசனை. குனிந்து பார்த்தேன். இரண்டு பிரேக் தட்டுகளும் நீலம் பாரித்திருந்தன.

மலைக்குப் பின்னாலிருந்து மேகம் வந்து நின்றிருந்தது, மதியத்துக்கு மேல் தினமும் வருவதுதான். முதல் துளி என் மூக்கில் விழுந்தது. இரண்டாவது முன்சக்கரத்தின் தட்டில். சுர்ரென்றது, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல.

"இன்னொரு தடவை போலாமா? லிஃப்ட் மூட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு" என்றாள் பாப்பா.

(தொடரும்)