கூப்பிட்டது படம் எடுக்க, ஊருக்குக் காட்ட அல்ல

புது கேமரா வாங்கிய செய்தி சொந்தபந்தத்துக்குள் பரவ அதிக நாள் பிடிக்காது. அத்தை மகள் நிச்சயதார்த்தம், பக்கத்து வீட்டுக் காதுகுத்து, நண்பனின் பிறந்தநாள் பார்ட்டி என்று வரிசையாக அழைப்பு வரும். முதல் சில விழாக்கள் சாப்பாட்டோடு முடிந்துவிடும். பிறகு ஒருநாள் யாராவது ஒரு கவரில் ஐயாயிரம் ரூபாய் வைத்துக் கொடுப்பார்கள்.

அந்தக் கவரை வாங்கியதும் பொழுதுபோக்கு தொழிலாகிவிடுகிறது. அதோடு சட்டக் கணக்கும் மாறுகிறது. படத்தின் உரிமை வேறு கைக்குப் போகிறது. ட்ரோன் பறக்கவிடும் விதி இறுகுகிறது. படங்கள் தொலைந்தால் ‘மன்னிச்சிடுங்க அத்தை’ என்று முடிந்திருக்க வேண்டிய விஷயம், நுகர்வோர் ஆணையம் வரை போகக்கூடிய சேவைக் குறைபாடாகிறது. அபர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் உண்டு. இந்தக் கணக்கைச் சொல்லித்தருபவர்கள் குறைவு. விழா நடத்தும் குடும்பங்களுக்கும் இது தெரிந்திருந்தால் நல்லது.

படம் யாருக்குச் சொந்தம்?

‘நான் எடுத்தேன், என் படம்’ என்பது தொழிலில் பரவலான நம்பிக்கை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்கிறது. புகைப்படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளி. பொதுவாக முதல் உரிமையாளரும் அவரே. ஆனால் 17-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், அதற்குப் பணமோ பணமதிப்புள்ள பொருளோ பெற்றுக்கொண்டு எடுத்த படம் என்றால், மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்துக் கேட்டவரே முதல் உரிமையாளர்.

நண்பனின் கல்யாணத்தை அன்புக்காக எடுத்தால் பதிப்புரிமை எடுத்தவரிடம் இருக்கும். அதே கல்யாணத்தைக் காசுக்கு எடுத்தால் கல்யாண வீட்டாரிடம் போய்விடும். ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எடுக்கும் படங்கள் ஸ்டூடியோ முதலாளிக்கு உரியவை. ஆகவே ‘என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பத்துப் படம் போட்டுக்கொள்கிறேன்’ என்று நினைப்பவர், அதை ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் இதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது.

உரிமை கைமாறினாலும் பெயர் கைமாறாது. தன் படத்தை இன்னொருவர் எடுத்ததாகக் காட்டிக்கொண்டால், 57-ஆம் பிரிவின்படி ‘எடுத்தவன் நான்’ என்று உரிமை கோரலாம். தொழில் தொடங்கும் இளைஞரின் கேண்டிட் படங்களைச் சுட்டு, தங்கள் வேலை என்று பக்கத்தில் போட்டு ஆர்டர் பிடிப்பவர்கள் இருக்கும் காலத்தில் இது சின்ன ஆயுதமல்ல.

ரா ஃபைலைத் தர வேண்டுமா என்பது தனித் தகராறு. சட்டம் அதைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. தருவதா, தந்தால் கூடுதல் கட்டணமா என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால் வீண் வாய்ச்சண்டை இருக்காது.

எடுக்க அனுமதி வேறு, வெளியிட அனுமதி வேறு

அந்தரங்க உரிமையைப் பற்றி இந்தியாவில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளில் ஒன்று தமிழ்நாட்டு வழக்கில் பிறந்தது. சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முயன்ற நக்கீரன் இதழ் தொடர்பான வழக்கு அது. 1994-ல் உச்ச நீதிமன்றம் இதழின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், தன் குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தைப்பேறு, கல்வி ஆகியவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்றும் சொன்னது. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகவே உறுதிசெய்தது.

விழா வீட்டில் இது எங்கே வருகிறது? முதலில் மணமகள் அறையில். அலங்காரம் நடக்கும்போதே எடுக்கும் படங்களுக்கு இப்போது மவுசு அதிகம். உடை மாற்றும் நேரத்தில் அந்த அறைக்குள் கேமரா நுழைந்தால் விவகாரம் கிரிமினல் சட்டத்துக்குப் போகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் அந்தரங்கச் செயலைப் பார்ப்பதையும் படமெடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறை. அந்தப் பிரிவின் விளக்கம் இன்னும் கவனிக்கத்தக்கது: அப்படிப்பட்ட படத்தை எடுக்கச் சம்மதித்த பெண், அதை மூன்றாம் நபருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், காட்டியதே குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். சம்மதமில்லாமல் உடலின் அந்தரங்கப் பகுதியைப் படமெடுத்தாலோ பரப்பினாலோ மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்தது பார்ட்டி. கையில் கிளாஸோடு இருப்பவர், நடன மேடையில் தன்னை மறந்து ஆடுபவர், வீட்டுக்குச் சொல்லாமல் வந்தவர் என்று பலரும் ஃப்ரேமுக்குள் வருவார்கள். விருந்தாளி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவது நடக்காத காரியம். ஆனால் ‘என்னை எடுக்காதீங்க தம்பி’ என்று ஒருவர் சொன்னால் கேமராவைத் தாழ்த்திவிடலாம். படங்கள் இணையத்தில் போகும் என்றால் வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை வைக்கும்படி விழாக்காரரிடம் கேட்கலாம். ஒருவரின் மதிப்பைக் குலைக்கும் படத்தை ஆல்பம் தேர்வுக்கு முன்பே ஒதுக்கிவிடலாம்.

மூன்றாவது, ஆன்லைன் ஆல்பம். விருந்தாளி தன் முகத்தைக் காட்டினால் அவர் இருக்கும் படங்களை எல்லாம் பிரித்துத் தரும் சேவைகள் மண்டபங்களுக்குள் வந்துவிட்டன. வசதிதான். ஆனால் கடவுச்சொல் இல்லாத லிங்க் ஒன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே கசிந்தால், மொத்த விழாவும் முன்பின் தெரியாதவர் கையில் இருக்கும். முகத்தை மாற்றி ஒட்டும் செயலிகள் மலிந்துவிட்ட நிலையில், தெளிவான முகப் படங்கள்தான் மார்ஃபிங் செய்பவருக்குத் தேவையான மூலப்பொருள். லிங்குக்குக் கடவுச்சொல்லும் காலாவதித் தேதியும் வைப்பது சில நொடி வேலை.

பிள்ளைகள் விஷயத்தில்

மஞ்சள் நீராட்டு விழா தமிழ்நாட்டுப் புகைப்படக்காரர்களின் முக்கிய வருமானங்களில் ஒன்று. விழா நாயகி பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி. அவள் படம் தெருமுனை ஃப்ளெக்ஸிலும், சினிமாப் பாட்டு ஒட்டிய ரீல்ஸிலும் வருகிறது. வீட்டார் விரும்பியே செய்தாலும், அந்த வீடியோ புகைப்படக்காரரின் விளம்பரப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது பள்ளியிலும் ஊரிலும் அதன் விளைவைச் சுமப்பவள் அந்தச் சிறுமி. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வீட்டு உபயோகத்துக்கு எடுத்து வைத்துக்கொள்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தொழிலுக்குப் பயன்படுத்துபவர் அந்தச் சலுகையை நம்பியிருக்க முடியாது. பெற்றோர் ஒப்புக்கொண்டாலும், சிறுமியிடமும் ஒரு வார்த்தை கேட்பது முறை.

வெளிநாட்டுப் பாணியில் ‘ஆணா, பெண்ணா’ என்று அறிவிக்கும் பார்ட்டியைப் படமெடுக்க ஆர்டர் வந்தால், புதியவர் ஒதுங்கிவிடுவதே நல்லது. கருவின் பாலினத்தை வெளிப்படுத்துவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. துபாயில் ஸ்கேன் செய்து வந்து, பாலின அறிவிப்பை வீடியோவாக வெளியிட்ட சென்னை யூடியூபர் ஒருவருக்கு 2024-ல் தமிழக சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. வளைகாப்புப் படங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கோயில், தண்டவாளம், வானம்

கோயிலில் முகூர்த்தம் என்றால் முன்கூட்டியே நிர்வாகத்திடம் கேட்டுவிட வேண்டும். திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் வாசலில் வாக்குவாதம் செய்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும்.

கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டுக்குத் தண்டவாளத்தைத் தேர்ந்தெடுப்பது உயிருக்கும் ஆபத்து, குற்றமும்கூட. ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ட்ரோனில்தான் அந்தக் கவர் பெரிய வித்தியாசம் காட்டுகிறது. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை எடையுள்ளது மைக்ரோ வகை. சொந்த விருப்பத்துக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. காசுக்குப் பறக்கவிட்டால் வேண்டும். ட்ரோனுக்குப் பதிவு எண்ணும் அவசியம். பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான் உயரம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி. அதற்கும் உள்ளே அனுமதி பெற்றாக வேண்டும். சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தைச் சுற்றியுள்ள மண்டபங்களில் ஆர்டர் எடுப்பவர்கள் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ‘ட்ரோன் ஷாட் உண்டு’ என்று வாக்குக் கொடுக்க வேண்டும்.

மெமரி கார்டும் முன்பணமும்

தாலி கட்டுவதை ரீடேக் எடுக்க முடியாது. அதனால் விழாப் படப்பிடிப்பில் பெரிய ஆபத்து மோசமான படம் அல்ல, இல்லாமல் போகும் படம். இரண்டு கார்டு போடும் வசதியுள்ள கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்துக்கொள்ளலாம். ஒரே கார்டு என்றால் பெரிய கார்டு ஒன்றைவிடச் சிறியவை நான்கு பாதுகாப்பு. இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிச் சரிபார்க்கும் வரை கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேலே ஒரு படம்கூட எடுக்காமல் நிறுத்தினால், மீட்டெடுக்கும் மென்பொருளால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

மேடையில் எல்இடி திரை இருந்தால் படத்தில் பட்டை விழும். ஷட்டர் வேகத்தை 1/50, 1/100 என்று குறைத்துப் பார்க்கலாம். டிஜே விளக்குகளின் லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சார் கருகிப் புள்ளி விழும். அந்தக் கோணத்தைத் தவிர்க்க வேண்டும். கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் ஃப்ளாஷை மேலே திருப்பி அடித்தால் முகத்தில் எண்ணெய் வழியாது.

பணத்தில் ஏமாறுவது இருபுறமும் நடக்கிறது. ராணுவ அதிகாரி என்று சொல்லிப் பிறந்தநாள் ஆர்டர் கொடுத்து, ‘அட்வான்ஸ் அனுப்ப இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று கேட்பது பழகிப்போன மோசடி. பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்.

ஒப்பந்தம் முத்திரைத்தாளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டதும் மின்னணு ஒப்பந்தமாகச் செல்லுபடியாகும். தேதி, எந்தெந்த நிகழ்ச்சி, எத்தனை கேமரா, ஆல்பத்தில் எத்தனை ஷீட், டெலிவரி தேதி, முன்பணம், பாக்கி, விழா தள்ளிப்போனால் என்ன, இணையத்தில் போடலாமா, எத்தனை மாதம் படங்களை வைத்திருப்பார் என்பவை அதில் இருந்தால் போதும்.

பாட்டையும் மறக்கக் கூடாது. கல்யாண ஊர்வலத்திலும் அதைச் சார்ந்த விழாவிலும் பாட்டு ஒலிப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மீறலாகக் கருதாமல் விலக்கி வைத்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைத் தெளிவுபடுத்தியது. அந்த விலக்கு மண்டபத்தில் ஒலிக்கும் பாட்டுக்குத்தான். அதே பாட்டை வீடியோவில் ஒட்டி யூடியூபில் ஏற்றும்போது அதை நம்பியிருக்க முடியாது.

சிக்கல் வந்துவிட்டால்

ஆல்பம் வரவில்லை, படங்கள் தொலைந்தன என்றால் குடும்பத்தார் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளம் வழியே வீட்டிலிருந்தும் பதியலாம்.

பாக்கிப் பணம் வராத புகைப்படக்காரருக்கும் வழி உண்டு. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். சிறு நிறுவனமாகப் பதிந்தவர், வேலையைப் பெற்றுக்கொண்ட நிறுவனம் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், கூட்டு வட்டியோடு கேட்டு அரசின் இணையதளத்தில் புகார் செய்யலாம். அலுவலக ஆண்டு விழா எடுப்பவர்களுக்கு இது பெரிதும் உதவும். வழக்குச் செலவுக்குத் தயங்குபவர்கள் 15100 எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

க்யூஆர் மோசடியில் பணம் போனால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கணக்குகளுக்குத் தாவும்.

அந்தரங்கப் படமோ மார்ஃபிங் படமோ பரவினால், பாதிக்கப்பட்டவர் அவசரத்தில் சாட் உரையாடலை அழித்துவிடக் கூடாது. பதிவின் முகவரி, கணக்கின் பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்கும் ஒரே நாளில் புகார் செய்ய வேண்டும். அந்தரங்கப் படங்களை ‘ஸ்டாப்என்சிஐஐ’ என்ற இலவசச் சேவை வழியாகவும் தடுக்கலாம். படம் கைபேசியை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போய், மறுபதிவைத் தடுக்கும். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 ஆகிய எண்கள் இரவிலும் இயங்குகின்றன.