விக்கலுக்கும் மனநோய்க்கும் ஒரே மாத்திரையா?

"மூணு நாளா விக்கல் நிக்கலைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையை எழுதிட்டாரே டாக்டர்!" என்று வீட்டில் யாராவது அங்கலாய்த்தால், பதறாதீர்கள் சகோதரிகளே.

அந்த மாத்திரையின் பெயர் குளோர்ப்ரோமசின். 1950-ல் பிரான்சில் உருவானது. ஆபரேஷன் நோயாளிகளின் பதற்றத்தைத் தணிக்க லாபோரி என்ற டாக்டர் இதை உபயோகித்தார். 1952-ல் பாரிஸ் டாக்டர்கள் டெலே, டெனிக்கர் இருவரும் மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று தவித்தவர்கள் பலர் தெளிந்தார்கள்.

மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையை இது மட்டுப்படுத்துகிறது. வாந்தி அடங்குவதும் அதனால்தான். நிற்காத விக்கலுக்கும், ரண ஜன்னிக்குத் துணை மருந்தாகவும் டாக்டர்கள் தருவதுண்டு. இப்போது புதிய மருந்துகள் பல வந்துவிட்டாலும், இதற்கும் இடம் இருக்கிறது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், மெல்ல எழுந்திருங்கள். வாய் உலரும், மலச்சிக்கல் வரும். வெயில் தோலைச் சுடும். காசிமேட்டில் மீன் விற்கிறவர்களும், எண்ணூரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் குடை, தண்ணீர் இல்லாமல் போகக் கூடாது. கை நடுக்கம், கழுத்து இழுப்பு, மாதவிலக்குத் தள்ளிப்போவது, மார்பில் பால் கசிவது எதுவானாலும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கடும் ஜுரத்தோடு உடம்பு விறைத்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"இப்போ நல்லாத்தானே இருக்கா, மாத்திரை எதுக்கு?" என்று மனநோய்க்கான மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பிவிடும். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுப்பதும் ஆபத்து.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமான இரண்டு வாரத்துக்குள் தூக்கமில்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைக் கண்டே பயப்படுகிறாளா? 'பேய் பிடிச்சிருக்கு' என்று மந்திரிக்க அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். தாயையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள். ராயபுரத்துக்கு அருகிலேயே இருக்கிறது ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அங்கே மனநலப் பிரிவும் உண்டு. கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், டாக்டர் அதற்கேற்ற மருந்தாகப் பார்த்துத் தருவார்.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961-ல் தலைமையேற்ற டாக்டர் சாரதா மேனனும் ஒரு பெண்தான். மருந்தோடு மறுவாழ்வும் வேண்டுமென்று 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார்.

யாரிடம் கேட்பது என்று தயக்கமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.