ட்ரையரின் குழாயைப் பார்த்தீர்களா?



வழக்கமாக வருமான வரி, வீட்டுக் கடன் என்று கணக்குகளோடு வருகின்ற நான், இம்முறை உடுப்புக் காயவைக்கும் ட்ரையரைப் பற்றிப் பேசப் போகிறேன். இதிலும் ஒரு கணக்கு உண்டு. அதில் பிழை விட்டவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மன்டில் ஓர் இளம் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீடு என்பதால் உடுப்புத் தோய்த்து முடியாது. கடந்த குளிர்காலத்தில் அந்தத் தம்பி மேலே வந்து, "அண்ணை, ட்ரையர் ஓடுது, ஆனால் உடுப்புக் காயுதில்லை" என்றார்.

ஒன்ராறியோவில் நேரத்துக்கேற்ப விலை மாறும் மின்கட்டணத் திட்டத்தில், வார நாட்களில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரையும், சனி ஞாயிறு முழுவதும் மின்சாரம் மலிவு. நான் ஹைட்ரோ பில்லை மட்டுமே நினைத்தேன். "ரெண்டாந்தரமும் போட்டுவிடும் தம்பி. படுக்கப் போகேக்க போட்டால் காசும் மிச்சம்" என்றேன். அவர்களும் அப்படியே செய்தார்கள். ட்ரையர் நிற்கும் அறைக்கும் குழந்தை நித்திரை கொள்ளும் அறைக்கும் இடையில் ஒரு மெல்லிய சுவர்தான் இருந்தது.

இரண்டு கிழமை கழித்து அந்த அறையில் கருகல் மணம் வந்தது. யன்னல் கண்ணாடியெல்லாம் நீர் பூத்திருந்தது. பிளக்கைக் கழற்றி, மெசினை முன்னால் இழுத்துப் பார்த்தேன். பின்னால் இருந்த பிளாஸ்ரிக் குழாய் சுவரோடு நசிந்து, உள்ளே தலையணைப் பஞ்சு போல் தூசி அடைத்துக் கிடந்தது. வெளிச்சுவரில் காற்றுப் போகும் வாயில் குருவிக் கூடு ஒன்றும் இருந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நடந்தது இதுதான். ட்ரையர் சூடான காற்றை உடுப்புகளினூடாகச் செலுத்துகிறது. அந்தக் காற்று ஈரத்தையும் உடுப்பிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசியையும் அள்ளிக்கொண்டு குழாய் வழியாக வெளியே போக வேண்டும். கதவருகே உள்ள வலை தூசியில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். மிச்சம் குழாயின் வளைவுகளில் ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும். வழி அடைபட்டால் உடுப்புக் காயாது, சூடும் வெளியேறாது. பஞ்சுத் தூசியோ இலகுவில் தீப்பற்றக் கூடியது.

இதைச் சிறிய விடயமென்று எண்ண வேண்டாம். 2008 முதல் 2010 வரையான காலத்துக்கு அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீவிபத்துகள் பதிவாயின. ஆண்டுக்குச் சுமார் 5 பேர் இறந்தார்கள், 100 பேர் காயமடைந்தார்கள். முதலாவது காரணம் துப்புரவு செய்யாமை.

செய்ய வேண்டியவை இவை:

1. ஒவ்வொரு தடவையும் வலையில் உள்ள தூசியை எடுங்கள். வாசனைத் தாள் பாவிப்பவர்கள் வலையை இடைக்கிடை சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அந்தத் தாளின் படிவு கண்ணுக்குத் தெரியாமல் வலையை அடைக்கலாம்.

2. ட்ரையர் ஓடும்போது வெளியே சென்று பாருங்கள். மூடி திறந்து, சூடான காற்று பலமாக வர வேண்டும். பனி, இலை, குருவிக் கூடு இருந்தால் அகற்றுங்கள். அந்த வாய்க்குக் கம்பி வலை போட வேண்டாம், தூசி அதிலே அடைத்துவிடும்.

3. ஆண்டுக்கு ஒரு தடவையேனும் குழாயைக் கழற்றி, நீண்ட பிரஷ்ஷாலும் வக்யூமாலும் துப்புரவு செய்யுங்கள். இரு குடும்பங்கள் பாவித்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செய்யுங்கள். எரிவாயு ட்ரையரை நீங்களே இழுக்க வேண்டாம். தகுதி பெற்றவரை அழையுங்கள்.

4. பிளாஸ்ரிக் குழாயையும் மெல்லிய தாள் போன்ற குழாயையும் மாற்றி, 4 அங்குல உலோகக் குழாய் பூட்டுங்கள். அது கட்டையாகவும் வளைவு குறைந்தும் இருக்கட்டும். குழாயை வீட்டுக்குள்ளே திறந்து விடாதீர்கள். ஈரத்தால் பூஞ்சணம் பிடிக்கும், எரிவாயு ட்ரையரென்றால் கார்பன் மொனொக்சைட் என்னும் நச்சு வாயுவும் வரும்.

எங்களவர்களுக்கு விசேடமாக ஒன்று. எண்ணெய் வைத்து முழுகிய பின் துடைத்த துவாய்களையும், எண்ணெய் பட்ட குசினித் துணிகளையும் ட்ரையரில் போட வேண்டாம். தோய்த்தாலும் எண்ணெய் முழுதாகப் போகாது. சூட்டோடு குவிந்து கிடந்தால் நல்லெண்ணெய் போன்றவை தாமாகவே மேலும் சூடேறித் தீப்பிடிக்கலாம். அவற்றைக் கொடியிலே காயவிடுங்கள்.

கடைசியாக, படுக்கும்போதோ வெளியே போகும்போதோ ட்ரையரை ஓட விடாதீர்கள். மலிவு நேரம் வேண்டுமென்றால் இரவு 7 மணிக்கே போடுங்கள், அல்லது சனி ஞாயிறில் போடுங்கள். தீ கண்டால் ட்ரையரின் கதவைத் திறக்காமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி 911 ஐ அழையுங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்போரே, ஒவ்வொரு மாடியிலும், படுக்கும் இடங்களுக்கு வெளியிலும் வேலை செய்யும் புகை அலாரம் இருப்பது ஒன்ராறியோவில் சட்டம். வாடகை வீட்டில் அது எங்கள் பொறுப்பு. வாடகைக்கு இருப்போரே, உடுப்புக் காயவில்லையென்றால் வீட்டுக்காரருக்குச் சொல்லத் தயங்காதீர்கள். அவர் என்னைப் போல "இன்னொருதரம் போடும்" என்றால், குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் புதிய உலோகக் குழாய் பூட்டியாயிற்று. இப்போது முன்போல ஒரே தடவையில் உடுப்புக் காய்கிறது. குழாய்க்குச் செலவான காசு, நான் மிச்சம் பிடிக்க நினைத்ததை விட அதிகம்தான். ஆனால் அந்தச் செலவைப் பற்றி எனக்குக் கவலையில்லை.