புயற்காலத்தில் கிராமச் சாலைகள்

கொல்கத்தாவின் தென்பாகத்திலுள்ள பவானிபூரில் மரம் விழுந்து ஒரு தெரு அடைபட்டாலும், மக்கள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிச் செல்ல இயலும். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் பரந்துள்ள சுந்தரவனத் தீவுகளில் நிலைமை வேறு. ஆற்றுக்கரையின் மேல் செல்லும் மண்பாதையும், அதன் முடிவிலுள்ள படகுத்துறையுமே அங்குப் பல கிராமங்களுக்கு வழியாகும். இவ்விரண்டில் ஒன்று பயன்படாமற் போயினும் கிராமம் முழுவதும் துண்டிக்கப்பட்டு விடும்.

சுந்தரவனத்தின் இந்தியப் பகுதியிலுள்ள 102 தீவுகளில் 54 தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். தாழ்வான இந்நிலங்களைக் கடல் ஓதத்தினின்றும் காப்பவை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள கரைகளாகும். 2009 மே 25 அன்று வீசிய ஐலா புயலில் இக்கரைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்குச் சேதமுற்றன. கரை உடைந்த இடங்களில் அதன் மேலிருந்த பாதையும் உடன் அழிந்தது. வெள்ளத்தைத் தடுக்கும் அரணும் தப்பிச் செல்லும் வழியும் ஒன்றாகவே இருப்பதிலுள்ள அபாயம் இதுவே.

ஆதலின், தப்பிச் செல்வதற்கான சாலையைக் கரையினின்றும் விலக்கி, உள்நிலத்தில், முன்னர் வெள்ளம் எட்டிய மட்டத்திற்கு மேலாக அமைப்பது நலம். மழையில் சேறாகாதவாறு செங்கல் அல்லது கான்கிரீட் பாவுதல் வேண்டும். உயர்த்திய சாலை தானே ஓர் அணையாகி நீரைத் தேக்கிவிடக் கூடும். தேங்கிய நீர் இறுதியில் சாலையையே அறுத்துச் செல்லும். இதனைத் தவிர்க்க, நீரோட்டத்தின் குறுக்கே போதிய சிறுபாலங்கள் தேவை.

2000ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், இணைப்பற்ற ஊர்களுக்கு எக்காலத்திலும் பயன்படும் சாலையொன்றை அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. சந்தைக்கும் பள்ளிக்கும் செல்ல ஒரு சாலை போதுமானது. புயற்காலத்திலோ இரண்டாவது வழியும் இன்றியமையாதது. அடுத்தடுத்த ஊர்களின் சாலை முனைகளைக் குறுகிய இணைப்பொன்றால் சேர்த்துவிட்டால், இரு ஊர்களுக்குமே மாற்றுவழி கிடைத்துவிடும்.

காலக்கணக்கும் முக்கியமானது. உதாரணமாக, 50 பேர் ஏறக்கூடிய படகு ஒருமுறை சென்று திரும்ப அரை மணி நேரமாகுமெனில், 1,000 பேரைக் கடத்த 10 மணி நேரம் வேண்டும். காற்று வலுக்குமுன்பே படகுகளை நிறுத்த நேரிடும். இந்திய வானிலைத் துறை கரையோரங்களுக்குப் புயல் விழிப்பறிவிப்பை 48 மணி நேரத்திற்கு முன்பும், புயல் எச்சரிக்கையை 24 மணி நேரத்திற்கு முன்பும் வெளியிடுகிறது. எச்சரிக்கை வரும்வரை காத்திருந்தால், கடைசிப் படகிற்கு நிற்போர் கரையிலேயே விடப்படுவர். நாம்கானாவில் ஹத்தானியா-தோவானியா ஆற்றின்மீது 2019இல் திறக்கப்பட்ட பாலம், பக்காலிக்குச் செல்லும் பாதையில் இத்தகைய தடையொன்றை நீக்கியது.

1999 அக்டோபர் பெரும்புயலில் ஒடிசாவில் சுமார் 10,000 பேர் மாண்டனர். அதே மாநிலத்தில் 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கரை கடக்குமுன் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் இடம் பெயர்க்கப்பட்டனர். உயிர்ச்சேதம் நூற்றுக்கும் குறைவாயிருந்தது. முன்னறிவிப்பு, புயல் காப்பகம், அதனை அடையும் சாலை ஆகிய மூன்றும் ஒருங்கு சேர்ந்ததன் பயன் இது.

காப்பகம் எத்துணை உறுதியாயினும், அதற்குரிய வழியில் இடுப்பளவு நீர் நின்றால் பயனில்லை. புயற்பருவத்திற்கு முன்னர் கிராமத்தார் அவ்வழியை நடந்து பார்த்து, தாழ்ந்த இடங்களையும் அடைபட்ட சிறுபாலங்களையும் குறித்துச் செப்பனிடுதல் அவசியம். ஊரிலுள்ள முதியவரும் கைக்குழந்தையுடன் செல்லும் தாயும் காலத்தே காப்பகத்தை அடைய முடியுமா என்பதே அவ்வழியை அளக்கும் அளவுகோலாகும்.